குவெட்டாவில் விழாத வீடுகள்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு ரயில்வே எஞ்சினியரைப் பத்திப் பேசப் போறேன். பாடப் புத்தகத்துல இவர் பெயரைப் பார்த்திருக்க மாட்டீங்க. எஸ்.எல். குமார். 1930-களின் தொடக்கத்தில், இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கும் பலூசிஸ்தானில், ரயில்வே ஊழியர்களுக்குக் குடியிருப்பு கட்டிக் கொடுப்பது இவருடைய வேலை. 1935 மே 31 அன்று விடியறதுக்கு முன்னாடி குவெட்டா நகரம் இடிஞ்சு விழுந்தப்போ, சேதம் ரொம்ப மோசமா இருந்த இடத்துலயே இவர் முறையில கட்டின வீடுகள் அசையாம நின்னுச்சு.

90 வருஷத்துக்கு முந்தின கதையை எதுக்கு இப்ப சொல்றேன்னு கேட்டா, உங்க அபார்ட்மெண்ட்ல கீழ் தளம் முழுக்க கார் பார்க்கிங்கா? சுவரே இல்லாம வெறும் பில்லர் மட்டும் நிக்குதா? அப்ப இது உங்க கதையும்தான். கடைசியில அங்க வந்து சேருவோம்.

மாச் என்ற சின்ன ஊர்

குவெட்டா மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர். சிந்து சமவெளியிலிருந்து அங்கே ஏறிப் போகணும்னா போலன் கணவாய் வழியாப் போகணும். பிரிட்டிஷ் அரசு அந்தக் கணவாயில் பெரும் செலவில் ரயில் பாதை போட்டது. குவெட்டாவைத் தாண்டி ஆப்கன் எல்லையிலுள்ள சமன் வரை அந்தப் பாதை போனது. நோக்கம் வெளிப்படையானது. எல்லைக்குப் படை போகணும், தளவாடம் போகணும், அதுக்கு ரயில் ஓடிக்கிட்டே இருக்கணும்.

அந்தக் கணவாயில் இருக்கும் சின்ன ரயில்வே ஊர் மாச். 1931 ஆகஸ்ட் கடைசியில் சில நாள் இடைவெளியில் பலூசிஸ்தானில் இரண்டு பூகம்பங்கள் வந்தன. ஆகஸ்ட் 27-ம் தேதி வந்த இரண்டாவது பூகம்பம் மாச் ஊரைத் தரைமட்டம் ஆக்கியது. ரயில்வே குடியிருப்புகளும் அதோட போச்சு. அவற்றைத் திரும்பக் கட்டும் பொறுப்பு இளம் எஞ்சினியரான குமாரிடம் வந்தது.

முன்னாடி இருந்த மாதிரியே கட்டிட்டுப் போயிருக்கலாம். பெரும்பாலான பேரிடர்களுக்கு அப்புறம் அதுதான் நடக்கும். விழுந்த இடத்துலேயே, விழுந்த மாதிரியே திரும்பவும் எழுப்புவாங்க. குமார் அப்படிச் செய்யல. ஒரு வீட்டை பூகம்பம் என்ன செய்யுதுன்னு முதல்ல கணக்குப் போட்டார்.

டவுன் பஸ்ல நின்னுக்கிட்டுப் போறப்ப டிரைவர் சடன் பிரேக் போட்டா என்ன ஆகும்? யாரும் உங்களைத் தள்ளல. ஆனாலும் முன்னாடி போய் விழறீங்க. பூகம்பத்துல வீட்டுக்கும் இதேதான் நடக்குது. அஸ்திவாரம் நிலத்தோட சேர்ந்து பக்கவாட்டில் நகருது. மேல இருக்கற சுவரும் கூரையும் கூடவே நகராம பின்தங்குது. வீடு எவ்வளவு கனமோ அவ்வளவு பலமா அந்த இழுப்பு இருக்கும். சாதாரணமா ஒரு வீட்டை மேலிருந்து கீழே அழுத்தற பாரத்துக்குத்தான் கட்டுவாங்க. பக்கவாட்டில் தள்ளற விசையைப் பத்திக் கொத்தனார் யோசிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. மண்ணோ செங்கல்லோ, அடுக்கின சுவருக்கு மேலிருந்து வர பாரத்தைத் தாங்கத் தெரியும். பக்கத்துல இருந்து தள்ளினா அது பிரிஞ்சு விழும்.

குமார் எடுத்துக்கொண்ட கணக்கு இது: வீட்டோட எடையில பத்துல ஒரு பங்கு விசை பக்கவாட்டில் தள்ளினாலும் அது நிக்கணும். 100 டன் வீடுன்னா 10 டன் தள்ளல். அதைத் தாங்க இரும்பு வேணும். இரும்பு விலை அதிகம். ஆனா ரயில்வேகிட்ட ஒரு பொருள் இருந்தது. தண்டவாளம். அந்தத் தண்டவாளங்களைச் செங்குத்தா நிறுத்தி, ஒண்ணோட ஒண்ணு பிணைச்சு, வீட்டுக்கு ஒரு எலும்புக்கூடு செஞ்சார். எலும்புகளுக்கு நடுவுல செங்கல்லை வச்சுச் சுவர் எழுப்பினார். சுவர் தனியா, கூரை தனியான்னு பிரியாம எல்லாம் ஒரே பெட்டியாச் சேர்ந்து ஆடற மாதிரி.

1933-ல் இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதி லாகூரில் பஞ்சாப் எஞ்சினியரிங் காங்கிரஸில் வெளியிட்டார். அதில் இந்தியாவின் எந்தப் பகுதியில் பூகம்ப அபாயம் அதிகம், எங்கே குறைவு என்று காட்டும் ஒரு வரைபடமும் இருந்தது. நம்ம நாட்டுக்கான நில அதிர்வு மண்டல வரைபடங்களில் அனேகமாக இதுதான் முதல்.

திருநெல்வேலியில் ஒரு பேச்சு

அடுத்த வருஷம், 1934 ஜனவரி 15 அன்று, பீகாரிலும் நேபாளத்திலும் பெரிய பூகம்பம். 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் சமயத்தில் காந்தி தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணத்தில் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் நடந்த பொதுக்கூட்டத்தில், இந்தப் பூகம்பம் நம் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்ற பொருளில் பேசினார். பாவம் என்று அவர் சொன்னது தீண்டாமையை.

தாகூருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தீண்டாமை விஷயத்தில் அவர் காந்தி பக்கம்தான். ஆனால் இயற்கை நிகழ்வுக்கு அறக்காரணம் சொல்வது மக்களின் மூடநம்பிக்கைக்குத் தீனி போடுவதாகும் என்று மறுப்பு எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தன்னோட 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டு, பதிலும் எழுதினார். எதிர்க்கருத்தைத் தன் பத்திரிகையிலேயே போட்டது பெரிய விஷயம், அதை ஒத்துக்கணும்.

ஆனா அந்த விவாதம் கடவுள், அறம், இயற்கை விதி இவற்றைச் சுற்றியே போனது. நாடே அதைத்தான் கவனித்தது. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே லாகூரில் அச்சாகி இருந்த இன்னொரு பதிலை எஞ்சினியர்களைத் தவிர யாரும் படிச்சிருக்க வாய்ப்பில்லை. குமாரின் கட்டுரை பூகம்பம் ஏன் வந்ததுன்னு கேட்கல. வந்தா எந்தச் சுவர் விழும், எது நிக்கும்னு கேட்டது. அந்தக் கேள்விக்குத்தான் நம்ம கையில் பதில் இருக்கு.

1935 மே 31

அதிகாலை சுமார் 3 மணி. குவெட்டா தூங்கிக்கிட்டு இருந்தது. ஒரு நிமிஷத்துக்குள்ள நகரத்தின் பஜார் பகுதி ஏறக்குறைய முழுசா விழுந்துவிட்டது. இறந்தவர்கள் 30,000 என்றும் 60,000 என்றும் வெவ்வேறு மதிப்பீடுகள் இருக்கின்றன. நேரத்தைக் கவனிங்க. பகல்ல வந்திருந்தா தெருவில், வயலில், சந்தையில் இருந்தவங்க பிழைச்சிருப்பாங்க. 3 மணிக்கு எல்லாரும் கூரைக்குக் கீழே இருந்தாங்க. கனமான மண் சுவர், கனமான கூரை, ரெண்டையும் சேர்த்துப் பிடிக்க எதுவும் கிடையாது. நகரத்தில் ராணுவச் சட்டம் போடப்பட்டது. பிழைத்தவர்களை ரயிலில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். இடிபாடுகளைச் சுற்றி நகரத்தையே மூடினார்கள்.

அந்த இடிபாடுகளுக்கு நடுவே, தண்டவாள எலும்புக்கூட்டோடு கட்டின ரயில்வே வீடுகள் சேதமில்லாமல் நின்றன. ஒரே ஊர், ஒரே அதிர்ச்சி, ஒரே விடியற்காலை. வித்தியாசம் வீட்டில்தான் இருந்தது.

இங்க ஒரு சங்கடமான விஷயத்தையும் பேசணும். யாருக்கு இந்த வீடு கிடைச்சது? ரயில்வே ஊழியருக்கு. ஏன்னா, அடுத்த நாளும் ரயில் ஓடணும்னா அதை ஓட்டற ஆள் உயிரோட இருக்கணும். ஏற்பாட்டுக்குப் பின்னாடி ஒரு நிறுவனத்தோட தேவை இருந்தது. பஜார்ல கடைக்கு மேல குடியிருந்த வியாபாரிக்கும், அவர்கிட்ட வேலை செஞ்ச கூலிக்கும் அப்படி யோசிக்க ஒரு நிறுவனம் இல்லை. லாகூரில் ஆங்கிலத்தில் வந்த கட்டுரைக்கும் குவெட்டா கொத்தனாரின் கைக்கும் நடுவே பெரிய தூரம் இருந்தது. அறிவு இருந்தது. அது தேவைப்பட்டவங்க வீட்டுக்குப் போய்ச் சேரல.

சுவருக்கு உள்ளே கம்பி

குவெட்டாவைத் திரும்பக் கட்டியபோது பாடம் கற்றுக்கொண்டார்கள் என்றே சொல்லணும். ராணுவம், ரயில்வே, சிவில் நிர்வாகம் மூணும் பூகம்பம் தாங்கும் கட்டட முறைகளைக் கொண்டுவந்தன. 1937-ல் குவெட்டா நகராட்சிக்குத் தனிக் கட்டட விதிகள் வந்தன.

அந்தக் காலத்தில் உருவான ஒரு செங்கல் கட்டுமுறை இன்னைக்கும் உலகம் முழுக்க 'குவெட்டா பாண்ட்' என்ற பெயரில் சிவில் எஞ்சினியரிங் மாணவர்களுக்குத் தெரியும். ஒன்றரைச் செங்கல் கனத்துக்குச் சுவர். செங்கல்லை அடுக்குற விதத்திலேயே சுவருக்குள்ள வரிசையா சின்னச் சின்னச் செங்குத்துப் பொந்துகள் வரும். அந்தப் பொந்துகளில் இரும்புக் கம்பியை நிறுத்தி, கலவையை ஊற்றி அடைப்பார்கள். தண்டவாளத்துக்குப் பதிலா மெல்லிய கம்பி. வெளியே இருந்து பார்த்தா சாதாரணச் செங்கல் சுவர்தான்.

1941-ல் அந்தப் பகுதியில் மறுபடியும் ஒரு பூகம்பம் வந்தது. புது முறையில் கட்டியவை நன்றாகவே தாங்கின. அதாவது பரீட்சையும் வச்சாச்சு, பாஸும் பண்ணியாச்சு.

இதே மாதிரி ஒரு பாடத்தை வடகிழக்கு மக்கள் அதுக்கு முன்னாடியே படிச்சிருந்தாங்க. 1897 ஜூன் 12 அன்று வந்த அசாம் பூகம்பத்தில் ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் விழுந்தன. அதுக்கப்புறம் அங்கே பரவியது 'அசாம் மாதிரி' வீடு. மரச்சட்டம், நாணல் தட்டி மேல பூச்சு, தகரக் கூரை. வீடே இலேசானது. எடை குறைஞ்சா தள்ளலும் குறையும். குஜராத்தின் கச் பகுதியில் 'புங்கா' என்ற வட்ட வடிவ மண் வீடுகள் உண்டு. வட்டத்துக்கு மூலை கிடையாது. பூகம்பத்தில் சதுர வீடு முதலில் பிரிவது மூலையில்தான். மேலே இலேசான கூம்புக் கூரை. எஞ்சினியரிங் காலேஜ் போகாதவங்க தலைமுறை தலைமுறையா கண்டுபிடிச்சு வச்ச விடை அது.

விதி இருந்தது, வீடு விழுந்தது

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த அறிவு ரூர்கியில் திரண்டது. பேராசிரியர் ஜெய் கிருஷ்ணாவின் முயற்சியில் 1960-ல் அங்கே பூகம்பப் பொறியியலுக்கென்று தனிப் பள்ளி தொடங்கியது. 1962-ல் இந்திய தர நிர்ணய விதி ஐ.எஸ். 1893 வந்தது. எந்த ஊரில் கட்டினால் எவ்வளவு பக்கவாட்டு விசையைக் கணக்கில் எடுக்கணும்னு சொல்லும் விதி. குமார் 1933-ல் கேட்ட அதே கேள்வி, இப்ப நாடு முழுமைக்கும்.

சின்ன வீடுகளுக்கும் விடை வந்தது. அஸ்திவாரத்துக்கு மேல ஒரு கான்கிரீட் பட்டை, கதவு ஜன்னலுக்கு மேல லிண்டல் மட்டத்தில் ஒண்ணு, கூரை மட்டத்தில் ஒண்ணு. உள்ளே கம்பியோட, எங்கேயும் அறுபடாம, எல்லாச் சுவரையும் சுற்றி வரணும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு வெளியே இரும்புப் பட்டை போட்டு மரத்துண்டுகளைப் பிரியாம பிடிக்கிறோமே, அதே வேலைதான். நம்ம ஊர்ல பல வீடுகளில் லிண்டலை ஜன்னல் அகலத்துக்கு மட்டும் போட்டு நிறுத்திடுவாங்க. அதையே சுற்றிலும் கொண்டுபோனா ஆகுற கூடுதல் செலவு, அந்த வீட்டோட மொத்தச் செலவுல சின்னப் பங்குதான்.

இப்போ 2001-க்கு வருவோம். ஜனவரி 26, குடியரசு தினம், காலை 8.46. கச் பகுதியில் 7.7 அளவு பூகம்பம். குஜராத்தில் சுமார் 13,800 பேர் இறந்தார்கள். புஜ், பச்சாவ், அஞ்சார் போன்ற ஊர்கள் நொறுங்கின. அங்கே கிராமங்களில் பல புங்கா வீடுகள் நின்றன. ஆனா நகரத்துல இருக்கற நாம பார்க்க வேண்டிய இடம் அகமதாபாத். பூகம்பம் மையம் கொண்ட இடத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் நகரம். அங்கேயும் கான்கிரீட் அடுக்குமாடிகள் விழுந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்கள் மண் வீட்டில் இல்லை. கடன் வாங்கி, தவணை கட்டி வாங்கின ஃபிளாட்டில் இருந்தார்கள்.

விழுந்த கட்டடங்கள் பலவற்றில் ஒரு பொது அம்சம் இருந்தது. கீழ் தளம் பார்க்கிங். சுவர் இல்லாத வெறும் பில்லர்கள். மேலே எல்லா மாடியிலும் செங்கல் சுவர். சுவர்கள் மேல் மாடிகளை ஒரு விறைப்பான பெட்டியாக்கிவிடும். நிலம் அசையும்போது பெட்டி வளையாது. வளைய வேண்டியது முழுக்கக் கீழே இருக்கும் பில்லர்கள்தான். பொய்க்கால் குதிரை ஆடறவரை நினைச்சுக்கோங்க. மேல உடம்பு, குதிரைக் கூடு எல்லாம் கனம். கீழே ரெண்டு கட்டைக்கால். அவருக்கு ஆடத் தெரியும், கட்டடத்துக்குத் தெரியாது.

ஐ.எஸ். 1893 அப்போது வந்து கிட்டத்தட்ட 40 வருஷம் ஆகியிருந்தது. ஆனா விதி புத்தகத்தில் இருப்பது வேறு, உள்ளாட்சி அதைக் கட்டாயமாக்கி, வரைபடத்தைச் சரிபார்த்து, தளம் போடும்போது ஆள் வந்து பார்ப்பது வேறு. குவெட்டாவில் லாகூர் கட்டுரைக்கும் கொத்தனாருக்கும் நடுவே இருந்த தூரம், அகமதாபாத்திலும் குறையவில்லை.

சரி, நம்ம ஊர்?

2002-ல் ஐ.எஸ். 1893 திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு, அதாவது மிதமான அபாயப் பகுதிக்கு மாற்றப்பட்டது. அதுக்கு முந்தைய வருஷம்தான், 2001 செப்டம்பர் 25 அன்று, புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5-க்கு மேற்பட்ட அளவில் ஒரு பூகம்பம் வந்து சென்னை வரை உணரப்பட்டது. 2012 ஏப்ரலில் சுமத்ரா பூகம்பத்தின்போது சென்னையில் அலுவலகங்களிலிருந்து ஆட்கள் தெருவுக்கு ஓடி வந்ததும் சிலருக்கு ஞாபகம் இருக்கும். 2002-க்கு முன்னாடி கட்டின அடுக்குமாடி, கட்டின அன்னைக்கு விதிப்படியே கட்டியிருந்தாலும், இப்ப எதிர்பார்க்கிற விசையைவிடக் குறைவான விசைக்குத்தான் கட்டப்பட்டிருக்கும்.

இதை பயமுறுத்தச் சொல்லல. சென்னை குவெட்டா இல்லை, கச்சும் இல்லை. ஆனா 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தபோது நிலம் அசையவே இல்லை. நல்ல கட்டடம் வேணும்னு கேட்க பூகம்பத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஃபிளாட் வாங்கப் போறீங்கன்னா மாடுலர் கிச்சன் பத்திக் கேட்கற நேரத்துல பாதியை இதுக்குக் கொடுங்க. மண் பரிசோதனை அறிக்கையைப் பார்க்கலாமா? கட்டமைப்பு வரைபடத்தில் எந்த மண்டலம்னு போட்டிருக்கு? கீழ் தள பார்க்கிங் பில்லர்களுக்குத் தனியாக் கணக்குப் போட்டிருக்கா, பக்கவாட்டு விசையைத் தாங்கக் கான்கிரீட் சுவர் எங்கேயாவது இருக்கா? 2002 விதியிலேயே இந்த மாதிரித் திறந்த தளத்தின் பில்லரையும் பீமையும் சாதாரணக் கணக்கைப் போல இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொல்லியிருந்தது. பதில் சொல்லத் தயங்கினா அதுவும் ஒரு பதில்தான்.

சொந்தமா வீடு கட்டறீங்கன்னா ஒரு தடவையாவது கான்கிரீட் போடறதுக்கு முந்தின நாள் சைட்டுக்குப் போங்க. பில்லர் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டியிருப்பாங்க. அந்த ரிங்கோட முனை சும்மா செங்கோணத்துல மடிஞ்சு நிக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் மடிஞ்சு, 135 டிகிரியில், பில்லரின் உட்புறம் நோக்கிக் கொக்கி மாதிரி இருக்கணும். பூகம்பத்தில் பில்லரோட வெளித்தோல் முதலில் உதிரும். தோலுக்குள்ள மட்டும் மாட்டியிருக்கிற ரிங் அதோட அவிழ்ந்துடும். உள்ளே கொக்கி போட்ட ரிங் அவிழாது. கம்பி கட்டறவருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கம்பி. அவ்வளவுதான்.

ஏற்கெனவே குடியிருக்கிறவங்க இன்டீரியர் வேலைக்காகப் பில்லரையோ பீமையோ கொத்த விடாதீங்க. மொட்டை மாடியில் கேட்காமல் இன்னொரு தண்ணித் தொட்டி ஏத்த விடாதீங்க. எடை கூடினா தள்ளலும் கூடும், குமார் கணக்கு அதுதான். அசோசியேஷன் மீட்டிங்ல பெயிண்ட் கலர் பத்தி 2 மணி நேரம் சண்டை போடறோம். ஒரு கட்டமைப்பு எஞ்சினியரைக் கூப்பிட்டுக் கட்டடத்தைப் பார்க்கச் சொல்லலாமான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பழைய பில்லரைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போட்டுப் பலப்படுத்தற முறை இருக்கு.

கடை வச்சிருக்கீங்கன்னா ரேக்கைச் சுவரோட பிணைங்க, கனமான சரக்கைக் கீழ்த்தட்டில் வைங்க. வாடகை வீட்டில் இருக்கீங்கன்னா கட்டடத்தை மாத்த முடியாது. ஆனா பீரோவை ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்டுட்டு சுவரோட ஒரு கிளாம்ப் போட்டு மாட்ட முடியும். குவெட்டாவில் பூகம்பம் வந்தது தூங்கற நேரத்தில் என்பதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. இன்னைக்கு ராத்திரி படுக்கறப்ப ஒரு தடவை மேல பாருங்க. தலைக்கு நேரா பரண்ல பாட்டி காலத்துப் பித்தளை அண்டா இருந்தா, முதல் வேலையா அதைக் கீழே இறக்கி வைங்க.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம். அதுக்குள்ள உங்க கட்டடத்தோட பார்க்கிங் தளத்தை ஒரு சுற்று நடந்து பார்த்துட்டு, என்ன பார்த்தீங்கன்னு எழுதுங்க.